பனியே பார்க்காத ஊரில் பனிக்கொலைக் கதைகள்... ஐஸ்லாந்து க்ரைம் நாவல்களை ரசிப்பது எப்படி?

மே மாத மதியம். ஆறுமுகநேரி. வெயில் மண்டையைப் பிளக்குது. உப்பளப் பாத்திகள் பக்கம் கண்ணைத் திறந்து பார்க்க முடியல, அவ்வளவு வெள்ளை. வீட்டுக்குள்ள ஃபேன் சுத்துது. ஆனா வர்றது அனல் காத்து. இந்த நேரத்துல உங்க கையில இருக்கிற மொபைல்ல, ஒரு இளம் போலீஸ்காரர் முழங்கால் பனியில நடந்து போயிட்டிருக்கார். அவர் போற வழியில ஒரு பெண் பனியில மயங்கிக் கிடக்கிறா. ஊருக்குள்ள வர்ற ஒரே சாலையும் மூடியாச்சு.

உங்களுக்கு லேசா குளிர ஆரம்பிக்குது இல்லையா? அதுதான் ஐஸ்லாந்து க்ரைம் கதைகளோட மேஜிக்.

‘பனியைக் கண்ணால பார்த்ததே இல்ல. ஃப்ரிட்ஜ் ஃப்ரீஸர்ல பார்த்ததோட சரி. இந்தக் கதையெல்லாம் நமக்கு ஒட்டுமா?’ என்று கேட்கலாம். ஒட்டும். இன்னும் சொல்லப்போனா, தாமிரபரணிக் கரையிலும் தூத்துக்குடி கடற்கரையிலும் வளர்ந்தவங்களுக்கு இந்தக் கதைகள் மற்றவர்களைவிட ஒரு படி அதிகமாவே ஒட்டும். ஏன்னு பார்ப்போம்.

கொலையே நடக்காத நாட்டில் இத்தனை கொலைக் கதைகளா?

முதல்ல ஐஸ்லாந்தைக் கொஞ்சம் தெரிஞ்சுக்குவோம். பரப்பளவுல தமிழ்நாட்டைவிடக் கொஞ்சம் சின்னது. தமிழ்நாடு சுமார் 1,30,000 சதுர கிலோமீட்டர் என்றால், ஐஸ்லாந்து 1,03,000. ஆனா மக்கள்தொகை? 4 லட்சத்துக்கும் கொஞ்சம் குறைவு. 2011 கணக்கெடுப்பின்படி தூத்துக்குடி மாவட்டத்தில் மட்டும் 17.5 லட்சம் பேர். அதாவது, நம்ம மாவட்டத்துல நாலில் ஒரு பங்கு ஜனத்தைக்கூட எட்டாத கூட்டம், கிட்டத்தட்ட தமிழ்நாடு சைஸ் நிலத்துல வாழுது. அதிலும் பெரும்பாலானவர்கள் தலைநகர் ரெய்க்யாவிக் பகுதியில். மிச்சப் பேர் கடலோரத்துல, மலைக்கும் தண்ணிக்கும் நடுவுல, சின்னச் சின்ன ஊர்களில்.

உலகின் அமைதியான நாடுகள் பட்டியலில் 2008 முதல் முதலிடத்தில் இருக்கிற நாடு இது. கொலையே நடக்காத ஆண்டுகளும் உண்டு. ரோந்து போகும் போலீஸ்காரர்கள் வழக்கமாகத் துப்பாக்கி வைத்திருப்பதில்லை. ஐஸ்லாந்து போலீஸ் சுட்டு ஒருவர் இறந்தது முதன்முறையாக 2013-ல்தான் நடந்தது.

அப்படிப்பட்ட நாட்டில் க்ரைம் நாவலாசிரியர்கள் வரிசை கட்டி நிற்கிறார்கள். கட்ரீன் யாகோப்ஸ்தோத்திர் என்பவர் பிரதமராக இருக்கும்போதே, ரக்னர் யோனாசன் என்ற எழுத்தாளரோடு சேர்ந்து ‘ரெய்க்யாவிக்’ என்ற க்ரைம் நாவலை 2022-ல் வெளியிட்டார். ஒரு நாட்டின் பிரதமர் ஆபீஸ் வேலை முடிஞ்சு வீட்டுக்குப் போய்க் கொலைக் கதை எழுதுறார்னு கற்பனை பண்ணிப் பாருங்க!

இன்னொரு விஷயம்... ‘யோலபோகஃப்ளோத்’. வாயில நுழையலையா? அர்த்தம் ரொம்ப எளிது: ‘கிறிஸ்துமஸ் புத்தக வெள்ளம்’. ஆண்டின் கடைசி மாதங்களில் புதுப் புத்தகங்கள் குவியும். டிசம்பர் 24 இரவு ஒருத்தருக்கொருத்தர் புத்தகம் பரிசளித்து, போர்வைக்குள்ள உட்கார்ந்து படிப்பார்கள். டிசம்பர் கடைசியில ரெய்க்யாவிக்ல பகல் வெளிச்சமே சுமார் நாலு மணி நேரம்தான். வெளியே இருட்டு, உள்ளே விளக்கு, கையில புத்தகம். க்ரைம் கதைக்கு இதைவிட நல்ல செட்டிங் கிடைக்குமா?

‘வழி இல்லை’ என்று ஒரு ஊர்

ஐஸ்லாந்து க்ரைம்னாலே பலருக்கும் முதல்ல ஞாபகம் வர்றது 2015-ல் வந்த ‘ட்ராப்டு’ என்ற தொடர். அதோட ஐஸ்லாந்துப் பெயர் ‘ஓஃபைர்த்’. ‘போக வழியில்லாத நிலை’ என்று அர்த்தம். டென்மார்க்கிலிருந்து வரும் கப்பல் ஒரு சின்னத் துறைமுக ஊருக்குள் நுழையுது. அதே நேரம் கடலில் ஒரு உடலின் பாகம் கிடைக்குது. தலைநகரிலிருந்து பெரிய போலீஸ் டீம் வரணும். ஆனா பனிப்புயல். சாலை மூடிருச்சு, விமானம் இறங்க முடியாது. உள்ளூர் போலீஸ் அதிகாரி ஆன்ட்ரியும் இரண்டு சகாக்களும்தான் சமாளிக்கணும். கொலைகாரனும் ஊருக்குள்ளதான், போலீஸும் ஊருக்குள்ளதான். கதை முழுக்க அந்த மூடிய வட்டத்துக்குள்ளேயே சுத்துது.

இந்தத் தொடரின் பெரும்பகுதி படமாக்கப்பட்ட ஊர் சிக்லுஃபியோர்துர். ரக்னர் யோனாசனின் புகழ்பெற்ற ‘ஸ்னோபிளைண்ட்’ நாவல் நடப்பதும் இங்கேதான். நிஜமான ஊர், கிட்டத்தட்ட 1,200 பேர். மூணு பக்கம் மலை, ஒரு பக்கம் கடல். 1967-ல் மலையைக் குடைந்து ஒரு சுரங்கப்பாதை போடும் வரை, குளிர்காலத்தில் கடல் வழிதான் கதி. நவம்பர் நடுவில் மலைக்குப் பின்னால் போகும் சூரியன், ஜனவரி கடைசியில்தான் மறுபடி ஊருக்குள் எட்டிப் பார்க்கும். சூரியன் திரும்பி வந்த நாளை பான்கேக் சுட்டுக் கொண்டாடுவார்கள்.

நமக்குச் சுவாரஸ்யமான சேதி இதுதான். இந்த ஊர் ஒரு காலத்தில் வாழ்ந்ததே உப்பையும் மீனையும் நம்பித்தான். ஹெர்ரிங் என்ற மீன். நம்ம சாளையோட ஒன்று விட்ட சொந்தம். படகுகள் கொண்டுவந்து கொட்ட, பெண்கள் வரிசையா நின்னு சுத்தம் பண்ணி, உப்புப் போட்டுப் பீப்பாயில் அடுக்குவார்கள். ஒரு பீப்பாய்க்கு இவ்வளவு என்று கூலி. 1960-களின் கடைசியில் ஹெர்ரிங் கூட்டம் காணாமல் போனது. அத்தோட ஊரும் சுருங்கிப்போச்சு. முத்துக்குளிப்பு 1960-களின் தொடக்கத்தோடு நின்றுபோனதைப் பற்றித் தூத்துக்குடிப் பெரியவங்க பேசும்போது குரல்ல ஒரு மாதிரி வருமே, அந்தக் குரல் இந்த நாவல்கள் முழுக்க இருக்கு. ‘இந்த ஊர் ஒரு காலத்துல எப்படி இருந்துச்சு தெரியுமா?’

டிசம்பர் 2023 ஞாபகம் இருக்கா?

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. ஆறுமுகநேரியிலிருந்து கூப்பிடுதூரத்தில் இருக்கிற காயல்பட்டினத்தில் மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் பெய்த மழை சுமார் 95 சென்டிமீட்டர். ஒரு வருஷம் முழுக்கப் பெய்ய வேண்டிய மழையைவிட அதிகம், ஒரே நாளில்.

அன்று இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ், காயல்பட்டினம், ஆறுமுகநேரி வழியா வந்து, ஸ்ரீவைகுண்டத்தில் நின்றது. அதுக்கு மேல தண்டவாளத்துக்கு அடியில இருந்த ஜல்லியையும் மண்ணையும் வெள்ளம் அடிச்சுட்டுப் போயிருந்தது. சுமார் 800 பயணிகள். ஒரு பகுதியினர் அன்றிரவே பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றப்பட்டார்கள். மற்றவர்கள் ஸ்டேஷனிலேயே மாட்டிக்கொண்டார்கள். சுத்திலும் தண்ணி. அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் தங்களிடம் இருந்ததைச் சமைத்துக் கொடுத்தார்கள். ஹெலிகாப்டரில் உணவுப் பொட்டலங்கள் வந்தன. 19-ம் தேதிதான் எல்லோரும் வெளியே வந்தார்கள்.

அகதா கிறிஸ்டியின் ‘மர்டர் ஆன் தி ஓரியன்ட் எக்ஸ்பிரஸ்’ பற்றிக் கேள்விப்பட்டிருப்பீங்க. 1934-ல் வந்த நாவல். பனியில் ரயில் மாட்டிக்கொள்ளும். உள்ளே ஒரு கொலை நடக்கும். 1929-ல் நிஜமான ஓரியன்ட் எக்ஸ்பிரஸ் துருக்கியில் நாள்கணக்கில் பனியில் சிக்கியிருக்கு. ரக்னர் யோனாசன் பதின்ம வயதிலேயே கிறிஸ்டியை ஐஸ்லாந்து மொழிக்கு மொழிபெயர்க்க ஆரம்பித்தவர்; மொத்தம் 14 நாவல்கள். மூடிய இடத்துக்குள் கதையை இறுக்கும் வித்தையை அவர் கத்துக்கிட்டது அங்கேதான். நம்ம ஸ்ரீவைகுண்டத்தில் கொலை எதுவும் நடக்கலை. நடந்தது சோறு பொங்கிப் போட்டதுதான். அந்த வித்தியாசத்துக்குக் கொஞ்சம் கழிச்சு வர்றேன்.

அந்த வாரம் இந்தப் பக்கம் இருந்தவங்க யாரையாவது கேட்டுப் பாருங்க. கரன்ட் இல்ல. சிக்னல் இல்ல. பக்கத்து ஊர்ல அக்கா வீடு என்னாச்சுன்னு தெரியல. மொட்டை மாடியில நின்னு பார்த்தா ரோடு எங்க, குளம் எங்கன்னு புரியல. போன்ல கடைசி அஞ்சு பர்சன்ட் சார்ஜை யாருக்குப் பேசறதுக்காக வெச்சுக்கணும்னு யோசிச்ச அந்த ராத்திரி இருக்கே... ‘ஓஃபைர்த்’ என்ற சொல்லுக்கு அதைவிட நல்ல விளக்கம் எந்த அகராதியிலும் கிடையாது.

அதனாலதான் சொல்றேன். பனி என்பது இந்தக் கதைகளில் வெறும் வெள்ளைப் பெயின்ட். அதைச் சுரண்டிப் பார்த்தா, ‘வழி மூடிப்போச்சு, இனி இங்க இருக்கிறவங்களோடதான் எல்லாம்’ என்ற உணர்வு இருக்கும். அது உங்களுக்கு ஏற்கெனவே தெரியும்.

எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும்... அதுதான் பிரச்னையே!

டீக்கடையில் புது முகம் ஒண்ணு வந்து உட்கார்ந்தா, அண்ணாச்சி கேட்கிற முதல் கேள்வி என்ன? “தம்பி எந்த ஊரு? யாரு வீட்டுப் பிள்ள?” ரெண்டே கேள்வியில உங்க தாத்தா வரைக்கும் போய்ட்டு வந்துருவார்.

ஐஸ்லாந்தும் அப்படித்தான். அங்கே பெரும்பாலானவர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பேர்தான் பின்னாடி வரும். யோனாசன் என்றால் யோனாஸின் மகன். சிகுர்தார்தோத்திர் என்றால் சிகுர்துரின் மகள். நம்ம இனிஷியலை முன்னாடி இல்லாம பின்னாடி போட்ட மாதிரி! டெலிபோன் டைரக்டரியில்கூட முதல் பெயரை வைத்துத்தான் வரிசை. பிரதமரையும் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள்.

2013-ல் அங்கே மாணவர்கள் ஒரு ஆப் உருவாக்கினார்கள். ரெண்டு பேர் போனை முட்டினா, ரெண்டு பேரும் எந்தத் தலைமுறையில் சொந்தம்னு சொல்லும். டேட்டிங்குக்கு முன்னாடி செக் பண்ணிக்கலாம். நம்ம ஊர்ல சொந்தம்னு தெரிஞ்சா கல்யாணப் பேச்சு ஆரம்பிக்கும். அங்க சொந்தம்னு தெரிஞ்சா ஆளு எஸ்கேப்!

சிரிச்சாச்சா? இனி சீரியஸ். இவ்வளவு நெருக்கமான ஊரில் ரகசியம் எப்படி இருக்க முடியும்? இந்தக் கேள்விக்குள்ளதான் ஐஸ்லாந்து க்ரைமோட உயிர் இருக்கு. பதில் இதுதான்: ரகசியம் யாருக்கும் தெரியாததால் காப்பாற்றப்படுவதில்லை. எல்லாருக்கும் தெரிஞ்சும், யாரும் பேசாததால்தான் காப்பாற்றப்படுது.

அர்னால்துர் இந்த்ரிதாசன் எழுதிய ‘சைலன்ஸ் ஆஃப் தி கிரேவ்’ என்ற நாவல் 2005-ல் பிரிட்டனின் ‘கோல்டு டேகர்’ விருதை வாங்கியது. ரெய்க்யாவிக்கின் ஓரத்தில், புது வீடுகள் கட்டும் இடத்தில் ஒரு எலும்புக்கூடு கிடைக்கும். பழையது. அது யாருடையது என்று தோண்டத் தோண்ட, இரண்டாம் உலகப் போர் காலத்தில் அங்கே இருந்த ஒரு வீட்டுக்குள் போவோம். அந்த வீட்டில் ஒரு பெண்ணுக்குத் தினமும் அடி விழுது. கொலைகாரன் யாருங்கிறதைவிட, ‘இது நடக்கும்போது சுத்தி இருந்தவங்க என்ன பண்ணாங்க?’ என்ற கேள்விதான் படிக்கிறவரைத் தூங்க விடாது.

‘புருஷன் பொண்டாட்டி சண்டை, நமக்கு எதுக்கு?’, ‘நாலு பேர் என்ன நினைப்பாங்க?’, ‘அவங்க வீட்டு விஷயம்.’ இந்த வசனங்களை எந்த மொழியிலிருந்தும் மொழிபெயர்க்க வேண்டிய அவசியமே இல்ல. நமக்கே மனப்பாடம்.

இப்போ ஸ்ரீவைகுண்டத்துக்குத் திரும்பி வருவோம். வழி மூடிய நேரத்தில் முகம் தெரியாதவர்களுக்குச் சோறு போட்டது எது? ‘நம்ம ஊர் எல்லைக்குள்ள வந்துட்டாங்க, பட்டினி கிடக்க விடலாமா?’ என்ற நெருக்கம். ஒரு வீட்டுக்குள் நடக்கும் கொடுமையை வருஷக்கணக்கில் மூடி வைப்பது எது? அதே நெருக்கம்தான், ‘நம்ம ஊர் மானம் போயிடக் கூடாது.’ சின்ன ஊரோட பாசத்தையும் சின்ன ஊரோட மௌனத்தையும் ஒரே தராசுல வெச்சுப் பார்க்கிறதுதான் இந்தக் கதைகள் செய்யும் வேலை. வெளியூர்க்காரன் படிச்சா அவனுக்கு இது த்ரில். சின்ன ஊர்ல வளர்ந்த நீங்க படிச்சா, நடுவுல ரெண்டு இடத்துல புத்தகத்தை மூடி வெச்சுட்டு யாரோ ஒருத்தரை நினைச்சுப் பார்ப்பீங்க.

எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?

எல்லாமே ஆங்கில மொழிபெயர்ப்பில் கிடைக்கும். பயப்பட வேண்டாம், சின்ன வாக்கியங்கள், எளிய ஆங்கிலம். ‘இங்கிலீஷ்ல முழு நாவல் படிச்சதே இல்ல’ என்பவர்களுக்கும் நல்ல தொடக்கம்.

*ஸ்னோபிளைண்ட் – ரக்னர் யோனாசன்:* முதல் புத்தகமா இதைத்தான் சொல்வேன். இறையியல் படிப்பைப் பாதியில் விட்டுட்டு போலீஸ் ஆன ஆரி தோர், காதலியைத் தலைநகரில் விட்டுட்டு, யாரும் கதவைப் பூட்டாத ஊருக்கு வேலைக்கு வர்றார். ஒரு வயதான எழுத்தாளர் நாடக அரங்கில் விழுந்து சாகிறார். பனிச்சரிவு சாலையை மூடுது. முதல் போஸ்டிங்குக்கு வெளியூர் போய் ரூம் எடுத்துத் தங்கின எல்லாருக்கும் ஆரி தோரோட தனிமை புரியும். ஒரு டிப்ஸ்: இந்த வரிசை ஆங்கிலத்தில் முன்பின்னா வெளியானது. கதைப்படி படிக்கணும்னா ஸ்னோபிளைண்ட், பிளாக்அவுட், ரப்ச்சர், வைட்அவுட், நைட்பிளைண்ட் என்ற வரிசையில் போங்க.

*தி டார்க்னஸ் – அதே ரக்னர்:* ஹுல்தா என்ற 64 வயதுப் பெண் போலீஸ் அதிகாரி. ரிட்டயர்மென்ட் நெருங்குது, சீக்கிரம் கிளப்பிவிடப் பார்க்கிறார்கள். கடைசியா ஒரு பழைய வழக்கை எடுக்கிறார்: அகதியாக வந்த ஒரு ரஷ்யப் பெண்ணின் மரணம். மூன்று நாவல்களும் காலத்தில் பின்னோக்கிப் போகும். முதல் புத்தகத்தில் அவர் முடிவு, மூன்றாவதில் அதற்குப் பல வருஷம் முந்தைய காலம்.

*ஜார் சிட்டி – அர்னால்துர் இந்த்ரிதாசன்:* எர்லெந்துர் என்ற சோர்ந்துபோன துப்பறிவாளர். சின்ன வயசுல பனிப்புயலில் தம்பியைத் தொலைத்தவர். உடல் கிடைக்கவே இல்லை. வளர்ந்த பிறகும், மலையில் வழி தவறியவர்களின் உண்மைக் கதைகளைத் தேடித் தேடிப் படிப்பார். ஊர் முழுக்கச் சொந்தக்காரர்களா இருக்கும் நாட்டில் மரபணுத் தகவல் எவ்வளவு பெரிய ஆயுதம் என்று காட்டும் நாவல். 2006-ல் படமாகவும் வந்தது.

*ஐ ரிமெம்பர் யூ – இர்சா சிகுர்தார்தோத்திர்:* இவர் ஒரு சிவில் இன்ஜினீயர்! மக்கள் மொத்தமாக வெளியேறிய ஹெஸ்தேய்ரி என்ற கிராமத்துக்கு, குளிர்காலத்தில் மூன்று பேர் ஒரு பழைய வீட்டைச் சரிசெய்யப் போகிறார்கள். க்ரைமும் பேயும் கலந்தது. தனுஷ்கோடியில் 1964 புயலில் இடிந்த சர்ச்சுக்குள்ள சாயங்காலம் தனியா நின்ன அனுபவம் இருக்கா? அதே சில்லிப்பு. ராத்திரி தனியா படிக்காதீங்க. அப்புறம் என்னைத் திட்டக் கூடாது.

*அவுட்சைடு – ரக்னர்:* நாலு நண்பர்கள், ஒரு வேட்டைப் பயணம், ஒரு புயல், ஒரு சின்னக் குடிசை. உள்ளே ஏற்கெனவே ஒருத்தர் இருக்கார். பொறுமை குறைஞ்சவங்களுக்கு இது.

ரசிச்சுப் படிக்க சில வழிகள்

*வேகத்தை எதிர்பார்க்காதீங்க.* நம்ம வீட்டுப் பரண்ல கிடக்கிற பாக்கெட் நாவல்கள் வேற ரகம். ராஜேஷ்குமாரின் விவேக் - ரூபலா, பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத் - சுசீலா, சுபாவின் நரேந்திரன் - வைஜயந்தி... திருநெல்வேலி பஸ் ஸ்டாண்டில் வாங்கினா ஊர் போய்ச் சேர்றதுக்குள்ள முடிக்கிற வேகம். அது ஒரு சுகம். ஐஸ்லாந்துக் கதைகளில் ஹீரோ காபி குடிப்பார், ஜன்னல் வழியா பார்ப்பார், மகளோடு சண்டை போடுவார், நடுநடுவே விசாரிப்பார். முதல் 50 பக்கம் ‘ஒண்ணுமே நடக்கலையே’ன்னு தோணும். விட்டுடாதீங்க. அந்த 50 பக்கத்தில்தான் ஊரே உங்களுக்கு அறிமுகமாகுது.

*பேரைக் கண்டு மிரளாதீங்க.* முதல் பேரை மட்டும் பிடிச்சுக்கங்க. அங்கே எல்லாரும் அதைத்தான் கூப்பிடுவாங்க. ‘தோத்திர்’னு முடிஞ்சா பெண், ‘சன்’னு முடிஞ்சா ஆண். மொபைல் நோட்ஸ்ல யார் யாருக்கு என்ன உறவுன்னு குறிச்சு வெச்சுக்கிட்டா பாதிக் குழப்பம் தீரும்.

*மேப் பாருங்க.* சிக்லுஃபியோர்துர் என்று தேடி, மலைக்கு நடுவே அந்த ஊர் எப்படி ஒடுங்கி உட்கார்ந்திருக்குன்னு சாட்டிலைட் வியூவில் ஒருமுறை பாருங்க. அதுக்கப்புறம் ‘சாலை மூடப்பட்டது’ என்ற ஒரு வரி வரும்போதே வயித்துக்குள்ள என்னவோ பண்ணும்.

*வானிலையையும் ஒரு கதாபாத்திரமா படிங்க.* அங்கே பனி அழகுக்கு மட்டும் இல்ல. 1995-ல் மட்டும் சூதாவிக், ஃப்லாதேய்ரி என்ற இரண்டு சின்ன ஊர்களில் நடந்த பனிச்சரிவுகளில் 34 பேர் இறந்தார்கள். அந்த நாட்டு வாசகருக்குப் பனிச்சரிவு என்ற சொல், நமக்கு ‘2004 சுனாமி’ மாதிரி. இது தெரிஞ்சு படிச்சா, கதையில் புயல் எச்சரிக்கை வரும்போது அவங்க ஏன் குரலைத் தாழ்த்திப் பேசறாங்கன்னு புரியும்.

*நேரம் முக்கியம்.* ஐப்பசி, கார்த்திகை மழை ராத்திரி பெஸ்ட். உடன்குடி கருப்பட்டி போட்ட சுக்கு காபி, ஒரு போர்வை, டேட்டா ஆஃப். இல்லைன்னா நேர் எதிரா, மே மாத மதியம். வெளியே 38 டிகிரி, கதைக்குள்ள மைனஸ் 10. கரன்ட் பில் ஏறாத ஏசி!

நம்ம பக்கம் இப்படிக் கதைகள் இல்லையா?

இருக்கு. 2025-ல் வந்த ‘சுழல்’ வெப் சீரிஸின் இரண்டாம் சீசன், காளிபட்டணம் என்ற கற்பனைக் கடலோர ஊரில், ஒரு காளி திருவிழாக் கூட்டத்துக்கு நடுவே நடக்கும். குலசை தசரா பார்த்தவங்களுக்கு அந்த வேஷங்களும் மேளமும் ரொம்பப் பழக்கம். அங்கே பனி மூடுற வேலையை இங்கே கூட்டம் செய்யுது. ஆளையே கண்டுபிடிக்க முடியாத கூட்டம்.

நிஜக் கதையும் உண்டு. 1942 ‘வெள்ளையனே வெளியேறு’ போராட்ட நேரத்தில், குலசேகரன்பட்டினம் உப்பளத்தில் லோன் என்ற ஆங்கிலேய அதிகாரி கொல்லப்பட்டார். காசிராஜன், ராஜகோபாலன் என்ற இரண்டு இளைஞர்களுக்குத் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டு, பிறகு அது குறைக்கப்பட்டு, அவர்கள் விடுதலையானார்கள். உப்பு, கடல், இருட்டு, ஒரு சின்ன ஊர், யார் என்ன சொன்னார்கள், யார் வாயைத் திறக்கலை... இதைவிட ஒரு நாவலாசிரியருக்கு என்ன வேணும்? ரக்னருக்குச் சிக்லுஃபியோர்துர் அவர் தாத்தா பாட்டி ஊர். ‘என் ஊர்ல என்ன இருக்கு எழுத?’ன்னு அவர் நினைச்சிருந்தா, அந்த ஊரை உலகத்துக்கே தெரிஞ்சிருக்காது.

கடைசியா ஒரு விஷயம். ‘ஸ்னோபிளைண்ட்’ என்றால் பனியில் பட்டுத் தெறிக்கிற வெயிலால் கண் கூசிப் பார்வை மங்கிப்போவது. உப்பளத்தில் வேலை பார்க்கிறவங்களும் இதே மாதிரிதான் அவதிப்படறாங்க. வெள்ளை உப்பில் தெறிக்கிற வெயில் வருஷக்கணக்கில் கண்ணைப் பதம் பார்க்கும். ஐஸ்லாந்து நாவலோட தலைப்புக்கு அர்த்தம் தெரிஞ்சுக்க நீங்க கூகுள் பண்ண வேண்டியதில்ல. ஆறுமுகநேரி உப்பளத்துல வேலை பார்க்கிற ஏதாவது ஒரு ஆச்சிகிட்ட கேட்டாலே போதும்.

அதனால, இன்னிக்கு ராத்திரி ரீல்ஸுக்கு ஒரு அரை மணி நேரம் லீவு விட்டுட்டு, ‘ஸ்னோபிளைண்ட்’ முதல் அத்தியாயத்தைத் திறங்க. நாலாவது நாள், சாலை மூடினதும், உங்க ஊர் முகங்களை அந்தக் கதாபாத்திரங்களுக்குப் பொருத்திப் பார்க்க ஆரம்பிச்சிருப்பீங்க. அப்போ, பேசாம விட்டுட்ட ஏதாவது ஒரு வீட்டு விஷயம் ஞாபகம் வந்தா, புத்தகத்தை மூடிட்டுப் போய் முதல்ல அவங்ககிட்ட பேசிட்டு வந்துடுங்க. கொலைகாரன் எங்கேயும் போயிட மாட்டான். அவனுக்குத்தான் வழி மூடியிருக்கே!